துப்பாக்கி வெளியே, ஆள் உள்ளே

கையில் ஒரு பிரம்பும் கழுத்தில் ஒரு விசிலும் மட்டும் வைத்துக்கொண்டு, துப்பாக்கி வைத்திருக்கிறவரை மறித்து நிறுத்துவதற்குச் சம்பளம் வாங்குகிற பிழைப்பு என்னுடையது. சித்தூரில் ஒரு தபால் ஆபீஸ் வாசலில் நிற்கிறேன், ஏஜென்சி செக்யூரிட்டி. ஆஸ்பத்திரி வாசல், பேங்க் வாசல், கல்யாண மண்டப வாசல் என்று எங்கேயாவது நின்று "உள்ளே போகக் கூடாதுங்க" என்று சொல்லித் திட்டு வாங்கியவர்கள் யாராவது இதைப் படித்தால், வாங்க, பக்கத்தில் உட்காருங்க. நம்ம கஷ்டம் நமக்குத்தான் தெரியும்.

மஞ்சள் கோடு

எங்கள் கேட்டில் ஒரு போர்டு தொங்குகிறது. இது அரசாங்கக் கட்டடம், ஆயுதங்களோடு உள்ளே வரக் கூடாது என்று தெலுங்கிலும் இங்கிலீஷிலும் எழுதி, ஒரு துப்பாக்கிப் படம் போட்டு, அதன் மேல் சிவப்பில் குறுக்கே அடித்திருக்கும். லைசென்ஸ் இருந்தாலும் கூடாது. டூட்டியில் இருக்கிற போலீசுக்கு மட்டும் விலக்கு. போர்டைப் படிக்காதவர்களுக்காக கேட்டுக்கு நேர் கீழே தரையில் ஒரு மஞ்சள் கோடு. அந்தக் கோடுதான் என் ராஜ்யத்தின் எல்லை.

எனக்கு முன்னால் இங்கே நின்றவர், லைசென்ஸ்காரர் ஒருவர் இடுப்பில் பிஸ்டலோடு கவுண்டர் வரைக்கும் போனதைக் கவனிக்காமல் விட்டுவிட்டாராம். மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எனக்கு அப்படி ஆனால் தாங்காது. குடிபாலாவில் வீடு. வீட்டுக்காரருக்கு, அதாவது என் புருஷனுக்கு, மாங்கூழ் கம்பெனியில் வேலை. மாங்காய் வந்தால்தான் வேலை. சீசன் முடிந்தால் அவரும் கட்டிலுமாகக் கிடப்பார். மற்ற மாசமெல்லாம் அடுப்பு எரிவது என் யூனிஃபார்மால்தான். வேலையில் சேர்ந்த அன்றைக்கே போஸ்ட்மாஸ்டர் கேட்டுக்கு வந்து, பாதி தெலுங்கும் பாதி தமிழுமாகச் சட்டம் முழுவதையும் ஒரே வரியில் சொல்லிவிட்டார்: "சூடம்மா அமுதா, துப்பாக்கி லோபலிக்கி போச்சுன்னா, நீ பயட்டிக்கி போயிடுவ." அதாவது, துப்பாக்கி உள்ளே போனால் நான் வெளியே.

கரும்பு இல்லை

எலெக்‌ஷன் நேரம். லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருக்கிறவர்கள் எல்லாரும் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும் என்று ஊர் ஊராக ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். அப்போது ஒரு பெரியவர் பஸ்ஸை விட்டு இறங்கி நேராக எங்கள் கேட்டுக்கு வந்தார். மாந்தோப்புக்காரர், எங்கள் குடிபாலா பக்கத்து ஆள். தோளில் நீளமாக ஒரு மூட்டை. பழைய புடவையில் சுற்றி, அதன் மேல் காடாத் துணி போட்டு, கோணி ஊசியால் அழகாகத் தைத்திருந்தார்.

"இன்னா நைனா, பெங்களூருக்குக் கரும்பு அனுப்புறியா?" என்றேன். "கரும்பு இல்லமா, துப்பாக்கி" என்றார், ஏதோ துடைப்பம் என்று சொல்கிற மாதிரி. மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கமே அவரை நிறுத்திவிட்டு விசாரித்தேன். தோப்பில் காட்டுப்பன்றி விரட்டுகிற துப்பாக்கியாம். ஸ்டேஷனுக்கு நேரில் போனால் நாள் முழுக்க உட்கார வைத்துவிடுவார்கள்; ரிஜிஸ்டர் பார்சலில் எஸ்.ஐ. பேருக்குப் போட்டுவிட்டால் தானாகப் போய்ச் சேர்ந்துவிடும், கையில் ரசீதும் இருக்கும் என்று கணக்குப் போட்டிருக்கிறார். யோசித்துப் பாருங்கள், அதில் அறிவே இல்லை என்று சொல்ல முடியுமா? ஆனால் தபாலில் துப்பாக்கி அனுப்பக் கூடாதே!

நல்லவேளை, மணியார்டர் போட்டுவிட்டு ஒரு ஏட்டய்யா வெளியே வந்தார். "வா பெருசு, நான் கூட்டிக்கினு போறேன்" என்று பெரியவரை ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனார். போகிற போக்கில் பெரியவர் என்னிடம் திரும்பி, மெய்யான கவலையோடு கேட்டார்: "எங்களத்தான் ஒப்படைக்கச் சொல்லிட்டாங்க. எலெக்‌ஷன் முடியற வரைக்கும் தோப்புப் பக்கம் வராதன்னு பன்னிக்கு யாரும்மா மைக்குல சொல்றது?"

படத்தில் இல்லாதது

சந்தையில் புதுசாக வாங்கிய அருவாமனையோடு ஒரு அம்மா உள்ளே போகப் பார்த்தாள். நிறுத்தினேன். இடுப்பில் கை வைத்துக்கொண்டு போர்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "துப்பாக்கி படம் கீது, சரி. அருவாமனை படம் எங்க கீது, காட்டு."

ஜாத்திரை மிலிட்டரி

ஒரு வருஷம் கங்கம்மா ஜாத்திரை நடக்கும்போது, லீவில் போன ஆளுக்குப் பதிலாக என்னைத் திருப்பதிக்கு அனுப்பினார்கள். அங்கே வேறொரு தபால் ஆபீஸ், அதே போர்டு. ஜாத்திரையில் ஆம்பளைகள் வேஷம் கட்டுவார்கள். வேஷம் கட்டியவர் யாரை வேண்டுமானாலும் வாய்க்கு வந்தபடி திட்டலாம். வாங்கிக்கொள்கிறவர் கோபப்படக் கூடாது. அம்மனுக்கு அதில் சந்தோஷம். இது அங்கே வழக்கம்.

முகமெல்லாம் கரி பூசி, மிலிட்டரி வேஷத்தில் ஒருத்தர் வந்தார். தோளில் கட்டையால் செய்த துப்பாக்கி, கறுப்புப் பெயின்ட், வாரெல்லாம் வைத்து நிஜம் போலவே இருந்தது. தூரத்தில் இருந்து பார்க்கிறவர்களுக்குக் கட்டையா இரும்பா என்று எப்படித் தெரியும்? ஜனம் அலறி ஓடினால் யார் பதில் சொல்வது? வாங்கி என் நாற்காலிக்குப் பின்னால் சாத்தி வைத்துவிட்டு, "இப்ப போங்க" என்றேன். அவ்வளவுதான். கேட்டில் நின்றபடியே என் ஏழு தலைமுறையையும் இழுத்து வைத்துத் திட்டினார். தெலுங்கில் அப்படியெல்லாம் வார்த்தை இருக்கிறது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். நான் கையைக் கட்டிக்கொண்டு அம்மனை நினைத்துக்கொண்டு நின்றேன். திட்டி முடித்தவர் வந்த வேலையையும் மறந்து, துப்பாக்கியையும் மறந்து, மேளம் போன பக்கம் ஆடிக்கொண்டே போய்விட்டார்.

மறுநாள் காலையில் இஸ்திரி போட்ட சட்டையும் நெற்றியில் குங்குமமுமாக ஒருத்தர் வந்து தயங்கித் தயங்கி நின்றார். குரலைக் கேட்ட பிறகுதான் ஆளை அடையாளம் தெரிந்தது. "அக்கா, நேத்து திட்டுனது அம்மனுக்காக. இன்னிக்கி மரியாதையா கேக்குறேன், என் துப்பாக்கி எங்கக்கா?"

தங்கமான ஜனம்

சித்தூரில் எங்கள் ஆபீசுக்குப் பக்கத்திலேயே ஒரு ஏ.டி.எம். அதற்குப் பணம் நிரப்ப வருகிற வேனில் துப்பாக்கியோடு ஒரு காவலாளி வருவார். பட்டாளத்தில் சிப்பாயாக இருந்தவர். நான் "மேஜர்" என்று கூப்பிடுவேன், அவரும் வேண்டாம் என்று சொன்னதில்லை. அவருடைய மகள் பெங்களூரில் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கிறாள். அவளுக்கு எள்ளுருண்டை, ஊறுகாய், முறுக்கு என்று மாசம் தவறாமல் ஒரு பார்சல் எடுத்துக்கொண்டு வருவார்.

சிக்கல் எங்கே என்று கேளுங்கள். துப்பாக்கியோடு உள்ளே போகக் கூடாது. துப்பாக்கியை வெளியே வைத்துவிட்டும் போகக் கூடாது. என் கையில் கொடுக்கலாம் என்றால் எனக்கு லைசென்ஸ் இல்லை; கொடுத்தால் அவர் லைசென்ஸ் போய்விடும், அதோடு வேலையும் போகும், நானும் கம்பி எண்ண வேண்டும். சரி, பார்சலை நான் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்றால் கேட்டை விட்டு நான் நகரக் கூடாது. கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தோம். உள்ளே போகிற யாரிடமாவது அவர் பார்சலையும் காசையும் கொடுப்பார். அவர்கள் போட்டுவிட்டு ரசீதையும் சில்லறையையும் கொண்டுவந்து கொடுப்பார்கள். மேஜர் கோட்டுக்கு அந்தப் பக்கம் வெயிலில் காத்திருப்பார். ஒருத்தர்கூட மறுத்ததில்லை. தோளில் ரெட்டைக்குழல் துப்பாக்கி, உதட்டுக்கு மேலே அவ்வளவு பெரிய மீசை, இப்படி ஒருத்தர் "கொஞ்சம் இதைப் போட்டுடுங்க" என்றால் எவன் முடியாது என்பான்? சிலர் தங்கள் வேலையை விட்டுவிட்டு அவர் வேலையை முதலில் முடித்துக் கொடுப்பார்கள். மனுஷனுக்கு மட்டும் அது கடைசி வரைக்கும் உறைக்கவே இல்லை. ரசீதை மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு மனசு நெகிழ்ந்து சொல்வார்: "சித்தூர் ஜனம் தங்கமான ஜனம்மா. துப்பாக்கிக்காரன்னு பாக்காம எவ்ளோ உதவி பண்றாங்க!"

முதலாளி வந்தார்

கொஞ்ச நாளாக வேனில் மேஜரைக் காணோம். வேறு வேலை கிடைத்துவிட்டது என்றார்கள். என்ன வேலை என்பது ஒரு நாள் காலையில் தெரிந்தது. பெரிய கார் ஒன்று கேட்டை உரசிக்கொண்டு நின்றது. இறங்கியவர் மாங்கூழ் கம்பெனி முதலாளி. ஆமாம், என் வீட்டுக்காரர் வேலை பார்க்கிற அதே கம்பெனி. பின்னாலேயே புது சஃபாரி சூட்டில், அதே துப்பாக்கியோடு, நம்ம மேஜர்! ஆதாரில் கைரேகை புதுப்பிக்க வேண்டும், ஆள் அனுப்பி முடிகிற காரியம் இல்லை என்பதால் முதலாளியே வந்திருக்கிறார்.

"சார், நீங்க வாங்க. துப்பாக்கி மட்டும் வெளிய" என்றேன். "நம்ம மனிஷிதான், விடு" என்று மேஜரைக் காட்டினார். நான் போர்டைக் காட்டினேன். "நான் யாருன்னு தெரியுமா?" "தெரியும் சார். எங்க வீட்டுக்காரர் உங்க கம்பெனியிலதான் சீசனுக்கு வேலை செய்றார்." அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்படியா? அப்ப இனிமே ரெண்டு பேரும் சேர்ந்து வீட்ல உக்காந்துக்கினு இருங்க" என்றார். விட்டால் போஸ்ட்மாஸ்டர் துரத்துவார், விடாவிட்டால் இவர் துரத்துவார், அதுவும் குடும்பத்தோடு. அழுகைதான் வந்தது. ஆனால் கேட்டுக்குக் குறுக்கே நீட்டிய பிரம்பை மட்டும் நான் எடுக்கவில்லை.

அவர் மேஜர் பக்கம் திரும்பி "நீ வாய்யா" என்றார். மேஜர் கோட்டுக்கு அந்தப் பக்கம் ஆணி அடித்த மாதிரி நின்றார். "வேணாம் சார். லைசென்ஸ் போயிடும். இத்தினி வருஷத்துல நான் இந்தக் கோட்டைத் தாண்டினதே இல்ல சார்." முதலாளி முகம் சிவந்துபோய், தனியாக விறுவிறு என்று உள்ளே போனார். அன்றைக்கென்று போஸ்ட்மாஸ்டர் திருப்பதிக்கு மீட்டிங் போயிருந்தார். எழுந்து நின்று வரவேற்க ஆள் இல்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன், வரிசையில் நின்றுகொண்டிருந்தார். வெகு நேரம் கழித்து வெளியே வந்தவர் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் காரில் ஏறினார். கதவைச் சாத்திய மேஜர் என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்: "இன்னிக்கி உனக்கும் தூக்கம் இல்ல, எனக்கும் இல்ல."

ஒரு பேனா

வீட்டில் சொன்னபோது வீட்டுக்காரர் தட்டை என் பக்கம் நகர்த்தி, "ஆவறது ஆவட்டும். முதல்ல சோத்தத் துன்னு" என்றார். அந்த மனுஷன் மேல் எனக்கு அன்றைக்கு வந்த பிரியம் கல்யாணமான புதுசில்கூட வந்ததில்லை.

அதற்குப் பிறகு ஏஜென்சியிலிருந்து போன் வந்தாலே மடியில் நெருப்பு விழுந்த மாதிரி இருக்கும். எடுத்தால் லீவு கேட்டது யார், ஷிப்ட் மாற்றுவது யார் என்று வேறு ஏதாவது பேசுவார்கள். அந்த வாரம் முழுக்க அப்படியே போனது.

அடுத்த வாரம் அதே கார் வந்தது. எழுந்து நின்றேன். முதலாளி இறங்கினார். கையில் ஒரே ஒரு கவர். தபால் போட அவரிடம் ஆளுக்கா பஞ்சம்? பின்னால் மேஜர், தோளில் துப்பாக்கி இல்லை. கையில் துணி சுற்றிய பார்சல். "துப்பாக்கி வீட்டு பீரோவுல. பூட்டி சாவியும் எடுத்துக்கினு வந்துட்டேன்" என்றார் என்னிடம். முதலாளி கேட்டிலேயே நின்றார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

"அன்னிக்கி வரிசையில நின்னேன் இல்ல, பக்கத்துல இருந்தவன் என்கிட்ட பேனா கேட்டான்" என்றார். தலையாட்டினேன். "இந்தாளு துப்பாக்கியோட பின்னாடி வர ஆரம்பிச்சதுலேர்ந்து ஒருத்தனும் என் பக்கத்துல வந்து நின்னதில்லமா. அவன் பாட்டுக்கு பேனா கேட்டான், கூழுக்கு இந்த வருஷம் ரேட்டு எப்படின்னு என்னையே கேட்டான், மழை வருமான்னு கேட்டான். பேனாவைத் திருப்பிக் குடுக்காமயே போயிட்டான்!" பேனா போனதை இவ்வளவு சந்தோஷமாகச் சொன்ன ஒருத்தரை நான் பார்த்ததில்லை.

"சார், எங்க வேலை..." என்று இழுத்தேன். "இன்னா வேலை? நான் யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லல. சீசன் ஆரம்பிச்சதும் உன் வீட்டுக்காரரை வரச் சொல்லு" என்று சொல்லிவிட்டு, சட்டைப் பையில் ஒன்றுக்கு ரெண்டு பேனாவாகக் குத்திக்கொண்டு உள்ளே போனார். எனக்குக் கண்ணில் தண்ணி வந்துவிட்டது. வெளிப்படையாகவே துடைத்துக்கொண்டேன்.

மேஜர் மட்டும் கோட்டின் மேல் நின்றுகொண்டிருந்தார், பழக்க தோஷம். "போங்க மேஜர், இப்ப போலாம்" என்றேன். பள்ளிக்கூடத்தில் முதல் நாள் போகிற பிள்ளை மாதிரி ஒரு காலை எடுத்து வைத்தார், அப்புறம் இன்னொரு காலை. மகளுக்கான ஊறுகாய்ப் பார்சலை முதல் தடவையாகத் தன் கையாலேயே கவுண்டரில் கொடுத்தார். திரும்பி வந்தவர் முகத்தில் ரசீது வாங்கிய சந்தோஷமும் இருந்தது, ஏமாந்துபோன கோபமும் இருந்தது. "ஏம்மா அமுதா, உள்ள இவ்ளோதானா? ஒரு ஃபேனு, நாலு பெஞ்சு, ஒரு கோந்து டப்பா. இதுக்கா என்ன இத்தினி வருஷம் வெயில்ல நிக்க வெச்ச?"

இத்தனை பேரை உள்ளே அனுப்பிய நான் அந்த ஃபேனுக்குக் கீழே ஒரு நாளாவது உட்கார்ந்திருந்தால் அல்லவா எனக்குத் தெரியும்!