பெரியம்மாவின் குரலும் பேருந்து நிலைய வழக்கும்

என் பெரியம்மா நீதிமன்றத்தில் டவாலி. வராந்தாவில் நின்று, வழக்குக்கு வந்தவர்களின் பெயரை மூன்று தடவை கூப்பிடுவார். அந்தக் குரலுக்கு மைக் தேவையில்லை. வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டால்கூட, ஏதோ குற்றம் செய்தவர்கள் மாதிரிதான் போய் உட்காருவோம்.

அவருடைய தம்பி, என் மாமா, பேருந்து நடத்துநர். பேருந்து நிலையத்தில் குண்டு வெடித்தபோது ஒரு காலை இழந்தார். வாயை இழக்கவில்லை.

குண்டு வைத்ததாக ஒருவன் பிடிபட்டான். விசாரணை தொடங்குமுன் நீதிமன்றத் தெருக் கடைக்காரர்கள் மனுப் போட்டார்கள். பாதுகாப்புக்காகத் தெருவை அடைத்தால் வியாபாரம் படுத்துவிடும், வழக்கைச் சிறைக்குள்ளேயே நடத்துங்கள் என்று. சிறைக்குள் பொதுமக்களை விடமாட்டார்கள். மாமா கொதித்துப்போய் எதிர்மனுப் போட்டார்.

"அக்கா, ஜட்ஜுகிட்ட நீ ஒரு வார்த்தை சொல்லேன்."

"சொன்னா என் வேலை போயிடும். உன் வாய் என்ன வாடகைக்கா போயிருக்கு?"

பள்ளி முடித்து வீட்டில் சும்மா இருந்த நானும் மனு விசாரணைக்குப் போனேன். பெரியம்மா மாமாவைக் கூப்பிட்டார். ஆளைக் காணோம். மறுபடி கூப்பிட்டார். மாமா வாசலில், மனுப் போட்டவர்களில் ஒருவரான ஜூஸ் கடைக்காரரோடு வாய்ச்சண்டையில் இருந்தார். இன்னொரு தடவை கூப்பிட்டும் வராவிட்டால் மனு தள்ளுபடி. பெரியம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"டேய்! சண்டையை நிறுத்திட்டு உள்ள வாடா!"

நீதிபதியே சிரித்துவிட்டார். பெரியம்மா நாக்கைக் கடித்துக்கொண்டார். மாமா ஊன்றுகோலோடு ஓடாத குறையாக வந்தார்.

"ஐயா, கூட்டம் சேர்ந்தா எவனாவது இன்னொரு குண்டு வைக்க மாட்டானா?" என்றார் ஜூஸ் கடைக்காரர்.

"பயம் எனக்கும்தான் இருக்குங்கய்யா" என்றார் மாமா. "ஆனா ஜெயிலுக்குள்ள வச்சு விசாரிச்சு தண்டிச்சா, அப்பாவியைப் பிடிச்சிட்டாங்கன்னு பேசுவாங்க. விட்டா, காசு வாங்கிட்டாங்கன்னு பேசுவாங்க. என் காலை எடுத்தது யாருன்னு எனக்குச் சந்தேகமில்லாம தெரியணும்."

வழக்கு இங்கேயே நடக்கும், வருபவர்களைச் சோதித்து உள்ளே விடலாம், கடைகளுக்கு வழி விட்டுத் தடுப்பு வைக்க வேண்டும் என்று நீதிபதி உத்தரவிட்டார்.

விசாரணையின் முதல் நாள், பிடிபட்டவன் பெயரைப் பெரியம்மா கூப்பிட்டார். சைக்கிள் திருட்டு வழக்குக்குக் கூப்பிடும் அதே குரல்தான். கூண்டில் ஏறியவன், "நான் செய்யலை" என்றான்.

"பொய்!" என்று பின்னாலிருந்து ஜூஸ் கடைக்காரர் கத்தினார்.

மாமா விருட்டென்று திரும்பினார்.

"சும்மா இருய்யா! அது பொய்யான்னு பார்க்கத்தானே வந்திருக்கோம்."