பக்கத்து இருக்கையில் ஒரு துண்டு

சுவிட்சர்லாந்தில் பனிமலை ஏறும் ரயிலில், ஜன்னலோர இடத்துக்காக மனைவியைப் பின்னால் விட்டுவிட்டு முண்டியடித்து ஏறி, இன்னொருவர் துண்டின் மேல் உட்கார்ந்தவன் நான். திண்டுக்கல் பஸ் நிலையத்தில் பழகிய வித்தை அது.

துண்டுக்காரர் எங்கள் சுற்றுலாக் குழுவில் வந்த நிலக்கோட்டைப் பூ வியாபாரி. ஒல்லி உடம்பு, தொளதொள கோட்டு, குரங்குக் குல்லாய். எந்த வண்டியில் ஏறினாலும் பக்கத்து இடத்தில் துண்டைப் போட்டுவிடுவார்.

“அண்ணே, கொஞ்சம் எந்திரிங்க. ஆளு இருக்கு.”

“நீங்க தனியாத்தான வந்தீங்க?”

“வீட்டுக்காரிக்கு. பனியப் பாக்கணும்னு சொல்லிக்கிட்டே இருந்தா. போன தையில போய்ச் சேந்துட்டா.”

எழுந்து எதிர் இருக்கைக்கு மாறினேன். அவர் மலையைப் பார்க்கவே இல்லை. அந்தக் காலி இடத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். உச்சி நெருங்கியபோது ஜன்னல்களில் ஆவி படிந்து வெளியே ஒன்றும் தெரியவில்லை. துண்டுக்குப் பக்கத்துக் கண்ணாடியில் மட்டும் உள்ளங்கையளவு துடைத்திருந்தது. அவர் கைகள் கோட்டுப் பைக்குள்தான் இருந்தன. நானும் துடைக்கவில்லை.

இறங்கியதும் துண்டையும் கண்ணாடியையும் பற்றி மனைவியிடம் சொன்னேன்.

“போய்ச் சேந்தவளுக்குத் துண்டு போட ஆளிருக்கு,” என்றாள். “நான் உசுரோடதான் மேல வரைக்கும் நின்னுக்கிட்டே வந்தேன்.”