ஹஸ் மேடம்

கல்யாணமாகி மைசூருக்குக் குடிவந்த மறுநாள் காலையில் வாசலில் சைக்கிள் மணி அடித்து "ஹாலு, ஹாலு" என்று யாரோ கத்தினார்கள். பக்கத்து வீட்டு ஆளைத் தேடி வந்திருக்கிறார்கள் என்று நினைத்து நான் கதவைத் திறக்கவில்லை. அன்று எங்கள் வீட்டில் வரக்காப்பிதான். பால்தான் இந்த ஊரில் ஹாலு என்று என் கணவர் சொன்ன பிறகு காதைத் தீட்டிக்கொண்டேன். பத்து ஹத்து ஆகிவிடுகிறது, புலி ஹுலி ஆகிவிடுகிறது, பூ ஹூவு, பாம்பு ஹாவு, பல் ஹல்லு. ஊரில் இருக்கும் உங்களுக்கு இது வேடிக்கையாக இருக்கலாம். பவானியை விட்டு வெளியே போயிராத எனக்கு அது பெரிய கண்டுபிடிப்பு. ஒரு வாரத்தில் கன்னடத்தின் சாவியே கையில் கிடைத்துவிட்ட மாதிரி, பையை எடுத்துக்கொண்டு மளிகைக் கடைக்குப் போய் அரைக் கிலோ துவரம் ஹருப்பு கேட்டேன்.

கடைக்காரர் நல்ல மனிதர். "அதேனம்மா ஹருப்பு?" என்று இரண்டு தடவை கேட்டார். நான் இன்னும் அழுத்தமாக ஹருப்பு என்றேன். யோசித்து யோசித்து ஹுருளியைக் கட்டிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து பிரித்தால் கொள்ளு. பருப்புக்கு இங்கே பேளெ என்று பெயராம்; பருப்பும் இல்லை, ஹருப்பும் இல்லை. சாயங்காலம் வேலையிலிருந்து வந்த என் கணவர் கணேசன், "நாம என்ன சாந்தி, குதிரையா வளக்கறோம்?" என்று கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நானும் சிரித்தேன். வந்த ஊரில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்த முதல் சிரிப்பு அது. பிறகு பல வருஷம், வீட்டில் யாருக்காவது முகம் சுருங்கினால் மற்றவர் "ஹருப்பு" என்பார். எங்கள் இருவருக்கு மட்டும் தெரிந்த ஒரு சொல் என்று அதை நான் வைத்திருந்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில் அவர் வேலை பார்த்த தொழிற்சாலையில், அவருடைய செக்‌ஷன்காரர்கள் குடும்பத்தோடு கோவாவுக்குக் கிளம்பினார்கள். ஐந்தாறு குடும்பம், வாடகை வேன், கடற்கரை, அதற்கு மேல் எங்கள் கூட்டத்துக்கென்றே முழுசாக ஒரு படகு. கடலுக்குள் போய் டால்ஃபின் பார்த்து, சாப்பிட்டு, பாட்டுப் போட்டு ஆடி, சூரியன் இறங்கும்போது திரும்பலாம் என்று ஏற்பாடு. அதுவரை அவருடன் வேலை செய்கிறவர்களை நான் சரியாகப் பார்த்ததே இல்லை. தொழிற்சாலை விழாக்களுக்கு ஏதாவது சாக்குச் சொல்லி நின்றுவிடுவேன். எங்கள் மகள் வித்யாவை மட்டும் அவர் கூட்டிப்போவார். இந்தத் தடவை வித்யா விடவில்லை. ஒன்பது வயசு அவளுக்கு. கன்னடத்தில் நினைத்துத் தமிழில் தட்டுத்தடுமாறிப் பேசுகிற பெண். புதுச் சுங்குடிச் சேலை கட்டிக்கொண்டு நானும் கிளம்பினேன்.

படகில் ஏறும் இடத்தில் அலை அடித்துக்கொண்டிருந்தது. செக்‌ஷனில் மூத்தவரான புட்டசாமி மேலே நின்று ஒவ்வொருவருக்கும் கை கொடுத்தார். என் முறை வந்ததும், "ஹத்தி மேடம், ஹோட்டு ரெடி" என்றார். ஹத்தி என்றால் ஏறுங்கள். படகு முழுக்கச் சிரிப்பு. போட் என்பதைக் கிராமத்தில் அப்படிச் சொல்வார்கள்போல என்று நினைத்து நானும் சிரித்து வைத்தேன். அந்தச் சிரிப்பை இன்றைக்கு நினைத்தாலும் காது மடல் சுடுகிறது. படகுக்காரர் கொங்கணிக்காரர், இந்தியில் எதையோ சொல்லி ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையை என் கழுத்தில் மாட்டினார். கரை சின்னதாகிக்கொண்டே போனது. தென்னை மரங்கள் ஒரே பச்சைக் கோடாகின. டீசல் வாடையும் உப்புக்காற்றும் கலந்து அடிக்க, பெண்கள் கோடுபளெ முறுக்கும் நிலக்கடலையும் பிரித்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சசிகலா, புட்டசாமியின் மனைவி, என் கையைப் பிடித்துக்கொண்டு ஆசையாகக் கேட்டாள்: "நீவேனா ஆ ஹஸ் மேடம்?"

நீங்கள்தானா அந்த ஹஸ் மேடம் என்கிறாள். எனக்குப் புரியவில்லை. ஹசு என்றால் பசு என்று தெரியும். பசு மேடமா? அதற்குள் டால்ஃபினைத் தேடித் தேடி அலுத்துப்போன ஆண்கள் பாட்டை நிறுத்திவிட்டு, "ஷுரு மாடோ கணேஷா", ஆரம்பிடா என்று மேளம் தட்ட ஆரம்பித்திருந்தார்கள். என் கணவர் என்னைப் பார்த்தார். ஒரு கணம் அவர் முகம் செத்துப்போனது. "இவத்து பேட" என்றார், இன்றைக்கு வேண்டாம் என்று. அவர்கள் விடவில்லை. அப்போது எங்கள் மகள் குதித்து எழுந்து, "அப்பா, அம்மன தர மாடி தோர்சு!" என்று கத்தினாள். அம்மா மாதிரிச் செய்து காட்டு என்கிறாள்.

அவர் துண்டை எடுத்துத் தோளில் முந்தானையாகப் போட்டார். இடுப்பை ஒடித்து, கையில் இல்லாத பையை ஆட்டிக்கொண்டு, படகின் நடுவில் என்னைப்போல் நடந்தார். நான் அப்படித்தான் நடக்கிறேன் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது. முதலில் ஹருப்புக் கதை. அதில் நான் கடைக்காரரோடு சண்டை பிடித்தேன், கொள்ளை வாயில் போட்டுக் கடித்துப் பார்த்தேன். பிறகு பஸ் ஸ்டாப் கதை. பஸ் என்பதில் முதல் எழுத்தை நான் ஹ ஆக்கிவிடுகிறேனாம். பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்த பெரியவரிடம் போய், "ஹஸ் யாவாக பருத்தே?" என்று கேட்கிறேனாம். பசு எப்போது வரும்? அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பால் கறக்கிற நேரத்துக்கு வரும் தாயி" என்கிறார். படகு ஒரு பக்கமாகச் சாயும் அளவுக்குச் சிரித்தார்கள். அடுத்து என்ன வரும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவர் சொல்வதற்கு முன் அவர்களே சொன்னார்கள். வித்யா எல்லோருக்கும் முந்திச் சொன்னாள். என் ஒருத்திக்குத்தான் அது புதுக்கதை. நான் எந்தப் பெரியவரிடமும் பசுவைக் கேட்டதில்லை.

கல்யாண வீடென்றால் எழுந்து பின்பக்கம் போய்விடலாம். படகில் எங்கே போவது? சுற்றிலும் தண்ணீர். காதுவரை சூடேறிய முகத்தை வைத்துக்கொண்டு நான் நிலக்கடலை உரித்தேன். சசிகலா என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். மனசு நோகக்கூடாதென்று குனிந்து சொன்னாள், அவள் கன்னடத்தை நான் தமிழில் தருகிறேன்: "தப்பா நினைக்காதீங்க. அந்தக் கலவரத்துக்கு அப்புறம் செக்‌ஷன்ல யாரும் யாரோடயும் பேசலையாம். உங்க வீட்டுக்காரர் கேண்டீன்ல இந்தக் கதையச் சொன்னாராம். அன்னிக்குத்தான் எல்லாரும் மறுபடியும் சேர்ந்து சிரிச்சாங்களாம். எங்க வீட்டுல உங்களப் பத்திப் பேசாத நாளே இல்ல."

கலவரம் என்றால் காவிரிக்காகத் தொண்ணூற்றொன்றின் கடைசியில் நடந்தது. உங்களில் பலர் அதைச் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். நாங்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு விளக்குப் போடாத வீட்டுக்குள் இருந்தோம். வித்யா அப்போது சின்னக் குழந்தை. தெருவில் ஆள் சத்தம் கேட்டால் அவளிடம், "அம்மா, அப்பான்னு மட்டும் பேசு கண்ணு, வேற ஒண்ணும் பேசாதே" என்பேன். அந்த இரண்டு சொல்லும் இரண்டு பாஷைக்கும் பொது. வீட்டுக்கார அம்மாள்தான் பின்வாசல் வழியாகப் பாலும் காய்கறியும் கொடுத்தாள். எல்லாம் அடங்கி, இவர் வேலைக்குப் போன முதல் நாள் நான் அடுப்பே பற்றவைக்கவில்லை. சாயங்காலம் வந்தவரிடம், "எப்படி இருந்தாங்க?" என்று கேட்டேன். "நல்லாத்தான் பேசுனாங்க" என்றார். அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பேசினார்கள் என்பதே பெரிய விஷயமாக இருந்தது. எதைப் பேசிச் சிரித்தார்கள் என்று படகில்தான் தெரிந்தது.

"ஒன்ஸ் மோர்! மேடமே சொல்லட்டும்!" என்று யாரோ குரல் கொடுக்க, எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். என் கணவர் துண்டை மடியில் சுருட்டிக்கொண்டு, "பேட, பேட. அவளிகெ நாச்சிகே" என்றார். நாச்சிகே என்றால் கூச்சமும்தான், அவமானமும்தான். நம் வெட்கம் மாதிரி. அவர் எந்த அர்த்தத்தில் சொன்னார் என்று இன்றும் எனக்குத் தெரியாது. நான் எழுந்தேன். அதற்குள் நான் நல்ல கன்னடம் பேசப் பழகியிருந்தேன். வீட்டுக்கார அம்மாளிடம் சண்டை போடும் அளவுக்குப் பேசுவேன். இது பொய் என்று சுத்தமான கன்னடத்தில் அங்கேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்தப் படகில் அவருக்கு உட்கார இடம் இருக்காது என்று தோன்றியது. கோபமும் இருந்தது. பையை ஆட்டுவது போல் கையை ஆட்டி, "ஹஸ் யாவாக பருத்தே?" என்றேன். படகு அதிர்ந்தது. விஷயமே புரியாத படகுக்காரர்கூடச் சுக்கானைப் பிடித்தபடி சிரித்தார். வித்யா ஓடிவந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அந்த ஒரு நொடி எனக்கு நன்றாக இருந்தது. உட்கார்ந்த பிறகு, நன்றாக இருந்ததற்காகவே கூசியது. என் கணவர் மட்டும் சிரிக்கவில்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கரைக்கு வந்ததும் மற்றவர்கள் குழந்தைகளோடு அலையில் இறங்கினார்கள். நாங்கள் இருவரும் கொஞ்சம் தள்ளி ஈரமணலில் நின்றோம். பக்கத்தில் ஆட்கள் இருந்ததால் சண்டையைக்கூடச் சத்தமில்லாமல் போட வேண்டியிருந்தது.

"நான் எப்பங்க பஸ் ஸ்டாப்புல பசு மாட்டைக் கேட்டேன்?" என்றேன்.

"நீ கேக்குல."

"பின்ன?"

"நாந்தான் கேட்டேன்." அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார். "நம்ம கல்யாணத்துக்கு முன்னாடி. பக்கத்துல செக்‌ஷன் ஆளு ஒருத்தன் நின்னிருக்கான், எனக்குத் தெரியாது. அடுத்த நாள்லேர்ந்து என்னைக் கண்டா அம்பான்னு மாடு மாதிரிக் கத்துவானுக. வருசக்கணக்கா. அது பழகிப்போச்சு. கலவரம் முடிஞ்சு வேலைக்குப் போனேன் பாரு, அன்னிக்குக் கேண்டீன்ல ஒருத்தனும் மூஞ்சி குடுத்துப் பேசுல. தனியா டிபன் பாக்ஸைத் தொறந்தேன். பின்னாடியிருந்து ஒருத்தன் அம்பான்னான். முன்னெல்லாம் அதுல ஒரு சிரிப்பு இருக்கும் சாந்தி. அன்னிக்கு இல்ல. என்ன பண்றதுன்னு தெரியாம, 'நான் என்னப்பா, எங்க வீட்டம்மா கதையக் கேளுங்க'ன்னு ஆரம்பிச்சுட்டேன்."

"சிரிச்சாங்களா?"

"சிரிச்சாங்க."

ஹருப்புக்கு அவர் அப்படி விழுந்து விழுந்து சிரித்தது ஏன் என்று இப்போது விளங்கியது. தன்னைப்போல் இன்னொரு ஆள் கிடைத்துவிட்ட சந்தோஷம் அது. அவரைத் திட்டவும் முடியவில்லை, தொடவும் முடியவில்லை. "இனிமே சொல்லாதீங்க" என்று மட்டும் சொன்னேன். தலையை ஆட்டினார்.

சொன்னபடியே அவர் நிறுத்திவிட்டார். ஜெயித்துவிட்டேன் என்றுதான் முதலில் இருந்தது. பிறகு டிபன் பாக்ஸில் சோறு மிஞ்சி வர ஆரம்பித்தது. கேட்டால், "எல்லாரும் சீக்கிரமா எந்திரிச்சுப் போயிடறாங்க, தனியா உக்காந்து தின்னா எறங்குல" என்றார். தேவராஜ மார்க்கெட்டில் சசிகலாவைப் பார்த்தபோது, "உங்க வீட்டுக்காரருக்கு உடம்பு சரியில்லையா? முன்ன மாதிரி இல்லையாமே. நம்மமேல ஏதாவது வருத்தமா?" என்று கேட்டாள். உண்மையான கவலையோடுதான் கேட்டாள். அந்தக் கவலையைப் பார்க்கத்தான் எனக்குப் பயமாக இருந்தது. பேசாத தமிழனைப் பற்றி ஜனங்கள் என்னென்ன நினைப்பார்கள் என்று, பிழைக்கப் போன இடத்தில் அடங்கி இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

மறுநாள் காலையில் டிபன் பாக்ஸைக் கொடுக்கும்போது நானே ஆரம்பித்தேன். "ஏனுங்க, நம்ம ஊர் வ எல்லாம் இங்க அழுத்தமான ப ஆகுமில்ல? வாழை பாளெ, வெண்ணெய் பெண்ணெ. நான் ஓட்டலுக்குப் போறேன். வடையைப் படெ ஆக்கிடறேன். சர்வர்கிட்ட, 'பிசிபிசியாகி எரடு படெ கொடி'ங்கறேன்."

படெ என்றால் இங்கே அடி. சூடாக இரண்டு அடி கொடுங்கள் என்று கேட்கிறேன்.

அவர் செருப்பைப் போட்டபடி அப்படியே நின்றார். "வேண்டாம் சாந்தி."

"சொல்லிப் பாருங்க. சாம்பார்ல முக்கிக் குடுங்கன்னு சேத்துக்குங்க."

அவர் உதட்டுக்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்தார். சிரிப்பு வந்துவிட்டது. வந்ததைப் பாதியில் அடக்கிக்கொண்டு, என் முகத்தை நேராகப் பார்க்காமல் படி இறங்கிப் போனார். இப்படி ஒரு கதையைச் செய்து கையில் கொடுத்து அனுப்புகிறோமே என்று எனக்கு உடம்பே கூனியது. கூப்பிட்டு நிறுத்தலாமா என்று வாசல்வரை போனேன். நிறுத்தவில்லை.

மத்தியானம் தொழிற்சாலைச் சங்கு எங்கள் தெருவரை கேட்டது. சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அங்கே, நான் ஒரு நாளும் காலெடுத்து வைக்காத அந்தக் கேண்டீனில், இந்நேரம் என் பெயரில் ஒருத்தி நடுவில் எழுந்து நின்று, சூடாக இரண்டு அடி கொடுங்கள் என்று கன்னடத்தில் கேட்டுக்கொண்டிருப்பாள். அவளைப் பார்த்து எல்லோரும் சிரிப்பார்கள். அவருக்கு நகர்ந்து இடம் கொடுத்திருப்பார்கள். அவள் சொல்லி முடிக்கட்டும் என்று, இங்கே நான் சோற்றில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தேன்.