வரைபடத் தாளை மீறிய புள்ளி

கடல் கக்கிய நஞ்சைக் கழுத்தளவில் நிறுத்திக் கீழிறங்க விடாது உலகைக் காத்த பெருமானே, உன் திருவடி என் தலைமேல் இருக்கட்டும். எழுதும் கை நடுங்காதிருக்கவும் எழுதுவது பொய்யாகாதிருக்கவும் நீயே துணை.

இன்று தைப்பூசம், நிறைமதி நன்னாள். மலைக்கோயிலில் வழிபட்டுத் திரும்பி, காப்பி ஆறுவதற்குள் இதைத் தொடங்குகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், இதே தை மாதத்தில், என் வீட்டுக்கு ஒரு பெருமகிழ்ச்சி வந்தது. அதை என் மடமையோடு சேர்த்தே எழுத வேண்டியிருக்கிறது. பிரித்தால் இரண்டுமே விளங்காது.

கும்பகோணத்துப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த நான், ஓசூரில் எஞ்சின் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் முப்பத்தோராண்டு தரச்சோதனைப் பிரிவில் வேலை பார்த்தேன். பகலெல்லாம் மைக்ரோமீட்டர்; காலையும் மாலையும் பதிகம். ஓய்வு பெற்றபின் பதிகம் மட்டும் எஞ்சியது. நானும் என் இல்லாளும் எதிரெதிரே அமர்ந்து பாடுவோம். மேற்பார்வை இல்லாத அந்த வேலையில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

கொரோனா மறுபடி தலைகாட்டிய அந்த மார்கழி இறுதியில் எங்கள் இருவரையுமே அது பிடித்தது. என்னை இரண்டு நாள் தும்ம வைத்துவிட்டுப் போய்விட்டது. அறுபத்தாறு வயதும் சர்க்கரையும் உள்ள அவளை விடவில்லை. ஐந்தாம் நாளும் காய்ச்சல் நின்றபாடில்லை. எங்கள் தெருமுனையில் மருத்துவம் பார்க்கும் பெண் மருத்துவர் முகக்கவசத்தோடு வந்து, அவள் விரலில் கருவியை மாட்டிப் பார்த்தார்.

"ஆக்சிஜன் இப்ப நல்லாத்தான் சார் இருக்கு. ஆனா இந்த நோய் ஒரு வாரம் சும்மா இருந்துட்டு, எட்டு ஒம்பதாம் நாள் திடீர்னு நுரையீரலுக்கு எறங்கும். அப்படி எறங்கப் போகுதான்னு ரத்தம் கொஞ்சம் முன்னாடியே காட்டிக் கொடுத்துடும்."

எப்படி என்று கேட்டேன். உடம்புக்குள் அழற்சி மூண்டால் ஈரல் ஒரு புரதத்தைச் சுரக்குமாம். அதற்கு சிஆர்பி என்று பெயர். அது ஏறினால் கெடுதி. லிம்போசைட் என்னும் வெள்ளணுக்கள் நூற்றுக்கு எத்தனை என்றும் பார்ப்பார்களாம். அது இறங்கினால் கெடுதி.

"ஒரே ஒரு நம்பரைப் பாத்து நான் பயப்பட மாட்டேன் சார். எந்தப் பக்கம் போகுதுன்னுதான் பாப்பேன். ரெண்டு நாளைக்கு ஒரு தரம் எடுங்க. மூணாவது தரமும் சிஆர்பி ஏறிச்சுன்னா அம்மாவை வீட்ல வச்சுக்க வேணாம், அட்மிட் பண்ணிடலாம்."

சேர்த்துவிட்டால் கூட ஒருவரும் இருக்க முடியாது. நாற்பத்திரண்டு ஆண்டு இல்லறத்தில் நாங்கள் பிரிந்திருந்தது அவளுடைய இரண்டு பேறுகாலங்களில் மட்டுந்தான்.

"நான் போகலீங்க. அங்க கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீங்க, இந்தப் பக்கம் நான். அதெல்லாம் எனக்கு ஆகாது" என்றாள் அவள்.

"ஏறினால் போகத்தான் வேண்டும்" என்றேன். உள்ளுக்குள்ளே, நஞ்சு கழுத்தோடு நின்றதுபோல இந்நோயும் இவள் தொண்டையோடு நிற்கட்டும், நெஞ்சுக்கு இறங்க வேண்டாம் என்று மன்றாடினேன்.

இரத்தம் எடுக்க வந்தவர் ஜூஜுவாடியைச் சேர்ந்த பெண்மணி. ஸ்கூட்டரில் வீடுவீடாகச் செல்பவர். ஊசியைக் கண்டு இவள் முகம் சுளித்ததும் நான் ஒரு பதிகத்தை எடுத்தேன். முதற்பாட்டு முடியுமுன் குழாய் நிறைந்துவிட்டது.

"ஆயிப்போச்சு சார், நிறுத்திக்கலாம்" என்றார் அவர்.

"இன்னும் பத்து பாட்டு பாக்கி இருக்கும்மா. அவரு நிறுத்தமாட்டாரு. நீ போ" என்றாள் என் இல்லாள்.

முதல் அறிக்கையில் சிஆர்பி மூன்று புள்ளி ஆறு. போகியன்று எடுத்த இரண்டாவதில் நான்கு புள்ளி எட்டு. தொழிற்சாலைப் பழக்கம் விடாத நான், வரைபடத் தாள் ஒன்றைக் கட்டிலுக்கு எதிரே சுவரில் ஒட்டிக் கீழே ஒன்று, மேலே பத்து என்று எண்ணிட்டுப் புள்ளி வைத்தேன். இரண்டு புள்ளிகளையும் இணைத்த கோடு மேல்நோக்கிச் சாய்ந்தது.

"நான் என்ன உங்க கம்பெனி பிஸ்டனா? படுத்தா கண்ணுக்கு நேரா அதுதான் தெரியுது" என்று அவள் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மூன்றாம் முறை மாட்டுப்பொங்கலன்று வந்தது. முதலிரண்டு முறையும் பார்த்த ஓசூர்ப் பரிசோதனைக்கூடம் பொங்கலுக்கு மூன்று நாள் அடைப்பு. கர்நாடக எல்லைக்கு அப்பால் சங்கராந்தி முந்தைய நாளோடு முடிந்துவிட்டதால், அத்திப்பள்ளியில் ஒன்று திறந்திருந்தது. அப்பெண்மணி காலையில் இரத்தத்தை எடுத்துக்கொண்டு எல்லையைக் கடந்து போய், பிற்பகலில் அறிக்கையை ஒட்டிய உறையிலேயே கொண்டுவந்து வாசலில் நின்றார். பிரித்தேன். சிஆர்பி இருபத்தொன்று.

இங்கே என் மடமையை மறைக்காமல் சொல்கிறேன். நான்கு புள்ளி எட்டு இருபத்தொன்றாகிவிட்டது என்று கண்டவன் முதலில் வண்டிக்குச் சொல்லியிருக்க வேண்டும். நானோ, இருபத்தொன்றைக் குறிக்கத் தாளில் இடமில்லையே என்று, சுவரில் இருந்த தாளுக்கு மேலே சோற்றுப்பசை தடவி இன்னும் இரண்டு தாள்களை ஒட்டினேன். நாற்காலியில் ஏறிக் கூரைக்கு அருகே ஒரு புள்ளியும் வைத்தேன். அதன்பிறகே நாற்காலியிலிருந்து இறங்கித் தொலைபேசியை எடுத்தேன். மருத்துவரை அழைத்தேன், பொங்கலுக்குச் சொந்த ஊர் போயிருந்த அவர் தொலைபேசியில் கிடைக்கவில்லை. பையை எடுத்துக் கைக்கு அகப்பட்டதையெல்லாம் திணிக்கத் தொடங்கினேன்.

அவள் எழுந்து அமர்ந்து பைக்குள் பார்த்தாள். என் இரண்டு வேட்டி, என் மூக்குக்கண்ணாடி, திருநீற்றுப்பை, பதிகப் புத்தகம்.

"ஆஸ்பத்திரிக்கு நான் போறேனா, நீங்க போறீங்களா? ஒரு சேலைகூட வைக்கலையே!"

"விளையாட்டில்லை. இருபத்தொன்று."

"அதென்ன ரிப்போர்ட்டுல ஒண்ண மட்டும் படிச்சுட்டு ஆடறீங்க? மேல இருந்து முழுசாப் படிங்க. பதிகத்துல நான் ஒரு சீரை முழுங்கினா முதல்லேர்ந்து பாட வைக்கிறவராச்சே."

வாசலில் நின்றவரும், "ஆமா சார், அந்த லிம்போசைட் எவ்ளோ போட்டிருக்குது, அதச் சொல்லுங்க" என்றார்.

படித்தேன். லிம்போசைட் நூற்றுக்கு இருபத்திரண்டு. போகியன்று பதினைந்து.

"ஏறியிருக்குதே! அது ஏறினா நல்லதுன்னு டாக்டரம்மா சொன்னாங்கன்னு அம்மா சொல்லிச்சு. ஒண்ணு நல்லாயிருக்கு, ஒண்ணு மோசம்னா எப்டி சார்?"

"இருபத்தொண்ணுக்குப் பக்கத்துல என்ன போட்டிருக்கு?" என்று கேட்டாள் இவள்.

லிட்டருக்கு மில்லிகிராம் என்றிருந்தது. பழைய அறிக்கையை எடுத்தேன். கண்ணாடி பைக்குள் இருந்தது. அதைத் தேடி எடுத்து மாட்டினேன். டெசிலிட்டருக்கு மில்லிகிராம். டெசிலிட்டர் என்பது லிட்டரில் பத்திலொன்று. அப்படியானால் போகியன்று இருந்த நான்கு புள்ளி எட்டு, எல்லைக்கு அப்பாலுள்ள கணக்கில் நாற்பத்தெட்டு. நாற்பத்தெட்டு இருபத்தொன்றாகியிருக்கிறது. ஏறவில்லை. பாதிக்கும் கீழே இறங்கியிருக்கிறது.

சுவரில் சாய்ந்து நின்று சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியாது. "அய்யோ தேவ்ரே, நான் பயந்தே பூட்டேன் சார்" என்று வாசலில் நின்றவரும் சிரித்தார். வாய்விட்டுச் சிரித்தவள் இவள்தான். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கி, மறுபடி சிரிப்பாகியது.

"இன்ச்சுல வரைஞ்சத மில்லிமீட்டர்ல பண்ணிட்டான்னு ஒரு லாரி சரக்கையே திருப்பி அனுப்பினீங்களே, ஞாபகம் இருக்கா? அந்தப் பாவம்தான்!"

"அது வேறு..."

"ஒண்ணும் வேற இல்ல. இப்ப உங்கள எந்த லாரில திருப்பி அனுப்பறது?"

அந்தியில் மருத்துவர் தாமே அழைத்தார். இரண்டு அறிக்கைகளையும் படமெடுத்து அனுப்பச் சொல்லிப் பார்த்தார். "இறங்கிடுச்சு சார், ரெண்டுமே சரியான பக்கம்தான் போகுது. அட்மிஷன் வேணாம். வேற லேப்ல எடுத்தா யூனிட் மாறும்னு நான்தான் சொல்லியிருக்கணும். விரல்ல மாட்டிப் பாக்கறத மட்டும் விடாதீங்க" என்றார். பைக்குள் இருந்த வேட்டிகளை அலமாரியில் திரும்ப அடுக்கும்போது, இந்த உடலின் குருதிக்குள் ஒருவன் எழுதி வைத்ததை நாம் ஒரு கருவி கொண்டு எழுத்துக்கூட்டிப் படிக்கிறோம், அவ்வளவே என்று தோன்றியது. எழுதியவன் பிழை செய்யவில்லை, படித்தவன்தான் அவசரப்பட்டான்.

மறுநாள் காணும் பொங்கல். விடியற்காலையிலேயே காய்ச்சல் விட்டிருந்தது. உறவினரையும் நண்பரையும் போய்க் காணும் நாளில் எங்கள் படியேற ஒருவருக்கும் அனுமதியில்லை. பத்து மணி வெயிலில் அவள் சால்வையைப் போர்த்திக்கொண்டு, என் கையைப் பிடித்தபடி மாடிமுகப்புக்கு வந்தாள். கீழே தெருவில் அக்கம்பக்கத்தார் ஏழெட்டுப் பேர் ஏற்கெனவே கூடியிருந்தார்கள்.

"அக்கா, எலா உன்னாரு?" என்று தெலுங்கில் நலம் கேட்டது ஒரு குரல். "ஊட்டா ஆய்த்தா அம்மா?" என்று சாப்பாடு ஆயிற்றா எனக் கன்னடத்தில் கேட்டது இன்னொன்று. "என்னாம்மா, பாதியா எளச்சிட்ட!" என்று எதிர்வீட்டுக்காரி கத்தினாள்.

"பாதிக்கும் கீழ எறங்கியிருக்கேன்டீ, இவருகிட்டக் கேளு, கணக்கு வச்சிருக்காரு!" என்று மேலிருந்து கூவினாள் என் இல்லாள். வெயில் அவள் முகத்தில் விழுந்தது. கீழே அனைவரும் கையசைத்தார்கள். அவளும் இரு கைகளையும் உயர்த்தி அசைத்தாள், ஒருமுறைகூட இருமவில்லை.

இதைப் படிக்கும் நீங்களும் உங்களைச் சேர்ந்தோரும் மூச்சு இடறாமல், குருதி கொதிக்காமல், துணை பிரியாமல் நெடுநாள் இருப்பீர்களாக. உங்கள் வாசலில் உங்களைக் காண எப்போதும் சிலர் நிற்பார்களாக. எல்லாம் வல்லவன் அருள் எல்லார்க்கும் ஆகுக.