குசினி வழியாக வந்த வலது கால்

போன ஞாயிற்றுக்கிழமை பாலையூற்றில் ஒரு வீட்டு வாசலில், இரண்டு குடும்பங்கள் கூடி நின்று ஒரு காலைப் பற்றி விவாதித்தன. அது என் தங்கை நிலானியின் கால். அவளைத் தவிர எல்லோரும் அபிப்பிராயம் சொன்னார்கள்!

கோயிலில் தாலி கட்டி, மாப்பிள்ளை வீட்டுக்கு வந்திருந்தோம். மாமியார் ஆலாத்தித் தட்டோடு வாசற்படியில் நின்றார்.

“வலது காலை வைச்சு ஏறி வாங்கோ, பிள்ளை!”

அங்கேதான் சிக்கல். நிலானிக்குப் பிறந்ததிலிருந்தே உடம்பின் வலப்பக்கத்தில் பெருமூளை வாதம். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். மூளையின் இடப்பக்கம்தான் உடம்பின் வலப்பக்கத்துக்கு மனேஜர். பிறக்கும்போது அந்த மனேஜருக்கு ஒரு அடி. அதனால் அவர் ஓடர் போட்டாலும் வலது கையும் காலும் கொஞ்சம் விறைத்து, யோசித்துத்தான் அசையும். தொற்றாது. புத்தியைத் தொடவில்லை — மாப்பிள்ளையைத் தெரிவு செய்ததே அவள்தான்.

ஆனால் படி ஏறும்போது பலமான இடது கால்தான் முன்னுக்குப் போக வேண்டும். இறங்கும்போது வலது கால். சின்ன வயதில் பிசியோதெரபி மிஸ் பழக்கியது. இன்னொன்று — பக்கத்தில் நின்று கத்தினால் கால் இன்னும் விறைக்கும்.

எல்லோரும் கத்தினார்கள்.

“நான் தூக்கிக்கொண்டு போறன்,” என்றார் மாப்பிள்ளை சுதன்.

“அப்ப உங்கட கால்தானே உள்ளுக்குப் போகும்?” என்றாள் நிலானி.

வீடியோக்காரத் தம்பிக்கு ஐடியா வந்தது. “இடது காலையே வையுங்கோ அக்கா. எடிட்டிங்கில வீடியோவைத் திருப்பினா வலதாகிடும்!”

வாசலில் தொங்கிய ‘நல்வரவு’ம் சேர்ந்து திரும்பிவிடாதா? தம்பி அதை யோசிக்கவில்லை.

நிலானி என் காதருகே வந்தாள். “அக்கா, விழுந்தா ஆயுசுக்கும் அதுதான் கதை. தூக்கினாலும் அதுதான் கதை. நான் நடந்துதான் போகோணும்.”

எனக்குக் கோபமும் வந்தது, கண்ணும் கலங்கியது. என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

அவளுக்குத் தெரிந்திருந்தது. சட்டென்று நிமிர்ந்தாள்.

“மாமி, பின்பக்கத்தால வாறன்!”

வீட்டுக்குப் பின்னால் போகும் ஒழுங்கையில் றோட்டை உயர்த்தி உயர்த்திப் போட்டதில் இவர்களின் குசினி அடுப்போடு சேர்ந்து பள்ளத்துக்குப் போய்விட்டது. உள்ளே போக ஒரு படி இறங்க வேண்டும். இறங்கினால்... வலது கால்தானே முதலில்!

கூட்டம் முழுக்க வீட்டைச் சுற்றி ஓடியது. கோழிக்கூட்டைத் தாண்டி மேளம், கேஸ் சிலிண்டரைத் தாண்டி வீடியோ. மாமியார் தட்டோடு வீட்டுக்குள்ளால் ஓடிவந்து, அம்மிக்குப் பக்கத்தில் மூச்சிரைக்க நின்றார். நிலானி கதவு நிலையைப் பிடித்தாள். வலது காலை ஆறுதலாக, மெல்ல மெல்ல இறக்கினாள். பிறகு இடது கால். யாரும் பிடிக்கவில்லை. நான் பெரிதாக அழுதுவிட்டேன்.

மாமியாருக்கோ ஆனந்தம். “பாத்தீங்களோ, வந்ததும் வராததுமா நேரே குசினிக்கு! பொறுப்பான பிள்ளை!”

“மாமி... எனக்குச் சமைக்கத் தெரியாது,” என்றாள் நிலானி.

இப்போது அங்கே சமையல் சுதன்தான். அவர் எந்தக் காலை வைத்துக் குசினிக்குள் போகிறார் என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை!