பயத்துக்கு மருந்து சொல்பவளின் பயங்கள்

கொழும்பு வெள்ளவத்தையில் உளவளத்துணை, அதாவது கவுன்சலிங், அறை வைத்திருக்கிற எனக்கு, புதியவர் ஒருவர் எதிரே வந்து உட்கார்ந்தால் இன்றும் பயம் வரும். நீங்களும் இந்தத் தொழிலில் இருந்தால் ஒத்துக்கொள்வீர்கள்.

தோண்டினேன்

படிப்பு முடித்த புதிதில் எனக்கு உளப்பகுப்பில்தான் நம்பிக்கை. இன்றைய பயத்தின் வேர் சிறுவயதில் இருக்கும், அதைத் தேடி எடுத்தால் போதும் என்பார்கள். ஆறாம் மாடியில் குடியிருந்த யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் லிஃப்டில் ஏறமாட்டார், மூட்டுவலியோடு படியேறுவார். சின்ன வயதைப் பற்றிக் கேட்டேன். நாலாவது சந்திப்பில் சொன்னார்: போர்க்காலத்தில் பதுங்கிய பங்கர் குழிக்குள் இருந்தபோது செல் குண்டு விழுந்து வாசல் மூடிப்போனது. இருட்டில் தம்பியின் அழுகை கேட்டது. பிறகு கேட்கவில்லை.

அதோடு எங்கள் நேரம் முடிந்துவிட்டது. தண்ணீர்க் கிளாஸை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. "முப்பது வருசமா மூடி வச்சிருந்தனான், பிள்ளை. இனி நான் எப்பிடி வீட்டை போறது?"

பத்து எண்ணுங்கள்

அதன்பின் பழங்கதை கேட்கவே பயம். நடத்தைவாதத்துக்குத் தாவினேன்: காரணத்தை விடு, பயப்படுகிற பொருளுக்குப் படிப்படியாகப் பழக்கு. தெஹிவளையில் துணிக்கடை வைத்திருந்த முஸ்லிம் அண்ணன், நானா ஒருவர், தம்பியைக் கடல் கொண்டுபோன பிறகு அந்தப் பக்கமே திரும்பாதவர். முதலில் கடலின் படம், அடுத்து அலைச் சத்தம், இப்படி வாரம் வாரமாக ஏறி, ஆறாவது கிழமை கடலோர ரயில் பாதையைத் தாண்டிப் பாறைகள்வரை போனோம். "பத்து எண்ணுங்கள்" என்றேன். ஏழில் பெரிய அலையொன்று பாறையில் அடித்து எழும்பியது. நான் பின்னால் ஓடிவிட்டேன். நானா முகம் வெளுத்து, நனைந்தபடி அங்கேயே நின்றார். "ஓடாதீங்க மிஸ், அல தானே!"

கேட்டால் போதுமா?

அடுத்து மானிடவாதம். அறிவுரை வேண்டாம், தீர்ப்பு வேண்டாம், முழு மனதாகக் கேட்டால் வந்தவரே வழி காண்பார். எனக்குப் பாதுகாப்பாகத் தோன்றியது. தொழிற்சாலை வேலை பறிபோன வத்தளைக்காரர் ஒருவர் மூன்று கிழமை உயிரில்லாமல் கதைத்தார். நாலாம் கிழமை சிரித்தார். "இப்ப பாரமில்லை, மிஸ். மகளின்ர சைக்கிளையும் திருத்திக் குடுத்திட்டன். எல்லாம் ஒழுங்கு."

முடிவெடுத்துவிட்டவர்களுக்கு வரும் நிம்மதியோ இது என்று பயந்தேன். புத்தகப்படி, "பாரம் இறங்கியதாக உணர்கிறீர்கள்" என்று திருப்பிச் சொல்லவேண்டும். என் வாய் வேறு சொன்னது: "அண்ணா, சாக யோசிக்கிறீங்களா?"

மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதார். மனைவி வரும்வரை அவரைத் தனியே விடவில்லை. மூவருமாக ஆஸ்பத்திரிக்குப் போனோம். இப்போதும் மாதமொருமுறை வருகிறார். அன்று ஆட்டோவில் வைத்துச் சொன்னார்: "நீங்களும் கேக்காமலே விட்டிடுவீங்களோ எண்டுதான் பயந்தனான், மிஸ்."

மூன்று மரபுகளின் புத்தகங்களும் என் அலுமாரியில் ஒன்றையொன்று மறுத்தபடி நிற்கின்றன. வருகிறவர்களுக்கு அந்தச் சண்டை தெரியாதது என் அதிர்ஷ்டம்.