நான் இறக்கிவிட்ட கண்டக்டர்

தொண்ணூறுகளின் கடைசியில் இராஜபாளையத்தில் எட்டாம் வகுப்புக்குத் தமிழ் எடுத்துக்கொண்டிருந்தேன். ஊருக்குள் பிரவுசிங் சென்டர் வந்ததும் எனக்கு ஒரு யோசனை உதித்தது. என் பிள்ளைகள் ஒரு பத்தி எழுத வேண்டும். திருவில்லிபுத்தூரில் என் தோழி நடத்தும் வகுப்பு அடுத்த பத்தியை எழுத வேண்டும். இப்படி இமெயிலிலேயே ஒரு கதை வளரும்.

மலையடிவாரத்துச் செண்பகத்தோப்புக்குப் போகும் பஸ்ஸை யானை மறிப்பதாகப் பிள்ளைகள் தாளில் எழுதித் தந்தார்கள். ஆங்கில எழுத்தில் அதைத் தட்டச்சு செய்தபோது என் கை சும்மா இருக்கவில்லை. கதையில் வந்த வாயாடிக் கண்டக்டரை நீக்கிவிட்டு, இயற்கையின் பேரழகைப் பற்றி ஆறு வரி சேர்த்தேன். அந்த ஆறு வரியை நானே இரண்டு முறை படித்து ரசித்தேன்.

பதில் வந்ததும் அச்செடுத்து, முன்கூட்டிப் பார்க்காமல் வகுப்பில் பெருமையாக வாசித்தேன். திருவில்லிபுத்தூர்ப் பிள்ளைகள் முதல் வரியிலேயே கேட்டிருந்தார்கள்:

"யானை வந்தும் பஸ்ல ஒருத்தரும் பேசலையே? இத ஒங்க டீச்சரா எழுதுனாக?"

முன்வரிசைப் பெண் எழுந்தாள்.

"நாங்க எழுதுனதுல கண்டக்டர் அம்புட்டுப் பேசுனாரு டீச்சர். அவர எங்க?"

"எறக்கிவிட்டுட்டேன்" என்றேன். வேறென்ன சொல்ல?

அடுத்த சனிக்கிழமை அவளையே சென்டருக்கு அழைத்துப்போனேன். அவள் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். "ஏய் யானை, டிக்கெட் எடுத்தியா?" என்று கண்டக்டர் கேட்கும் இடத்தில் என் விரல் தயங்கியது.

"அடிங்க டீச்சர்" என்றாள். அடித்தேன்.

கதை அந்த வருடம் முழுக்க ஓடியது. அதில் என் பங்கு எழுத்துப்பிழைகள் மட்டும்தான்.